வீட்டுக்கு ஓர் ஆள்

நோட்டீசில் மொத்தமே நாலு வரி. மூன்றாவது வரியில்தான் வினை இருந்தது: 'வீட்டுக்கு ஓர் ஆள் மறியலுக்கு வர வேண்டும்.'

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் என்று சங்கம் அறிவித்திருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, பேப்பர் இல்லை. கச்சிராயபாளையத்துக்கு இரண்டு மைல் தள்ளி வேலங்குப்பம். அறுபது வீடு. அன்று விடிந்ததிலிருந்து வீட்டுக்கு வீடு கோடாலி தீட்டுகிற சத்தம்.

ஒரு வீட்டில் மட்டும் சத்தம் இல்லை.

சின்னப்பொண்ணு வீட்டில் ஆம்பளை என்று எழுதிக்கொள்ள அவள் புருஷன் செல்லமுத்து ஒருத்தன்தான். அவனோ கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். பத்து நாளைக்கு முன்னால் காய்ந்த கரும்புத் தோகை ஏற்றிய வண்டி குடை சாய்ந்து, வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்துபோனது. மூங்கில் பத்தை வைத்துப் புத்தூர்க் கட்டு. திரும்பிப் படுக்கவே இரண்டு பேர் வேண்டும்.

சங்கத்துக் கிளைத் தலைவர் சுப்புராயன் நோட்டும் பென்சிலுமாக வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, உங்க வூட்டுல யாரு வராங்க?"

"பாத்துக்கினுதான மாமா இருக்கீங்க. கட்டுப் போட்டுக்கினு கெடக்கறாரு."

"அது எனக்குத் தெரியாதா? ஊர்க் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குதே. ஆளு அனுப்பாத வூட்டுக்கு ஏரித் தண்ணி முறை கெடையாதுன்னு நேத்து கோயில்ல பேசி முடிச்சாச்சு. உனக்கு ஒரு நாயம், ஊருக்கு ஒரு நாயம்னு வச்சா நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க."

சின்னப்பொண்ணு விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். குத்தகைக்கு எடுத்த முக்கால் ஏக்கர் கரும்பு. எட்டு மாசப் பயிர். இரண்டு முறை தண்ணீர் தவறினால் சோடை பாய்ந்துவிடும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு ஏற்றவேண்டிய கரும்பு அப்புறம் அடுப்புக்குத்தான்.

கொல்லைப் பக்கம் பார்த்தாள். அங்கே தங்கமணி மாட்டுக்குக் கரும்புத் தோகை நறுக்கிக்கொண்டிருந்தது.

தங்கமணி செல்லமுத்துவுக்கு அடுத்துப் பிறந்தது. முப்பது வயசு. கைலி, முழுக்கைச் சட்டை, உச்சியில் முடிந்த கொண்டை. பேரே யாருக்கும் பிடி கொடுக்காத பேர். அதே ஊரில் இன்னொரு தங்கமணி இரண்டு பெண்டாட்டிக்காரர். மற்றொரு தங்கமணி நாலு பிள்ளை பெற்றவள். சின்ன வயசில் பாவாடை கட்டிவிட்டால் அவிழ்த்துப் போடுமாம். டவுசர் போட்டுவிட்டாலும் அவிழ்த்துப் போடுமாம். அம்மாக்காரி அலுத்துப்போய் ஒரு துண்டை இடுப்பில் சுற்றிவிட, அதோடு அழுகை நின்றதாம். கரும்பு வெட்டுக்குப் போனால் ஆண்களோடு வெட்டும், பெண்களோடு கட்டுக் கட்டும். எந்தப் பக்கம் கை குறைகிறதோ அந்தப் பக்கம். 'டேய்' என்றாலும் திரும்பாது, 'அடியே' என்றாலும் திரும்பாது. பேரைச் சொன்னால் உடனே "இன்னா?" என்று வரும். ஊரும் 'வந்துச்சு, போச்சு' என்று சொல்லிப் பழகிவிட்டது.

"தங்கமணி வருதுங்க மாமா," என்றாள் சின்னப்பொண்ணு.

சுப்புராயன் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "வரட்டும். ஆம்பளன்னு போட்டுக்கவா?"

கொல்லையில் நறுக்குகிற சத்தம் நின்றது.

"போடாதீங்க," என்றது தங்கமணி, அங்கிருந்தே.

"அப்ப பொம்பள. சோறாக்கற பக்கம் எழுதிக்கறேன். ஆனா அது ஒரு ஆளா கணக்குல வராது."

"அதுவும் போடாதீங்க."

"ரெண்டும் போடாம வேற இன்னாத்தப் போடறது? நோட்டுல ரெண்டு பக்கம்தான் கோடு கிழிச்சிருக்கறேன்!"

தங்கமணி கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தது. நோட்டீசை வாங்கி எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தது.

"வீட்டுக்கு ஓர் ஆள்னுதான மாமா போட்டிருக்கு? ஆம்பளன்னு எங்க போட்டிருக்கு?"

"ஆளுன்னா ஆம்பளதான். இதுகூடவா தெரியாது?"

"அப்பக் கரும்புக் கொல்லையில பொம்பளையாளு, பொம்பளையாளுன்னு கூப்புடறீங்களே, அவங்கல்லாம் யாரு?"

கட்டிலில் செல்லமுத்து சிரித்துவிட்டான். சிரிப்பு காலில் போய்ச் சுண்டி இழுக்க, "அய்யோ" என்று முடிந்தது.

சுப்புராயன் நோட்டீசை வாங்கி அந்த மூன்றாவது வரியை இரண்டு தரம் படித்தார். அச்சுப் போட்டது விழுப்புரத்தில். அவரால் திருத்த முடியாது.

"உன் வாய்க்கு உன்ன மேடையில ஏத்தணும்," என்றார். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. நாளைக்குக் காத்தால புளியமரத்தாண்ட வந்துடு. ஆம்பளைங்க மரம் வெட்டுவாங்க, பொம்பளைங்க சோறாக்குவாங்க. பொழுது சாயறதுக்குள்ள எந்தப் பக்கம் நிக்கறியோ அந்தப் பக்கம் எழுதிக்கறேன். எந்தப் பக்கமும் இல்லைன்னா உங்க வூடு வரலைன்னுதான் எழுதுவேன். தண்ணியும் கெடையாது. அவ்ளோதான் பேச்சு."

அவர் தெரு முனை திரும்புகிறவரை பொறுத்திருந்தாள் சின்னப்பொண்ணு. அப்புறம் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு வார்த்த, தங்கமணி. ஆம்பளன்னு சொன்னா கொறஞ்சா பூடுவ? நோட்டுலதான எழுதறாரு, நெத்தியிலயா எழுதறாரு?"

"அண்ணி, ஏழு நாளு ரோட்டுல குந்தறாங்களே, எதுக்காம்? நாங்க இன்னாரு, இத்தினி பேரு, எங்கள எழுதிக்குங்கன்னுதான? அங்க போயி என்ன வேற யாரோன்னு எழுதிக்கச் சொல்றியே."

சின்னப்பொண்ணுக்குக் கோபம்தான் வந்தது. கரும்பு காய்ந்தால் இந்தப் பேச்சையா பிழிந்து குடிக்க முடியும்?

கல்யாணமான புதிதில் அவளும் ஒரு வழி செய்து பார்த்தவள்தான். சித்திரைத் திருவிழாவுக்குக் கூவாகம் போனால் தங்கமணி மாதிரி நிறையப் பேர் வருவார்கள், அதுவும் தன் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும் என்று யாரோ சொல்ல, உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாக ஆயிரம் பேர் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டார்கள். மறுநாள் காலையில் தாலி அறுத்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். தங்கமணியும் அவர்களோடு உட்கார்ந்து அழுதது. அழுதுவிட்டு எழுந்து, "வா அண்ணி, பஸ்ஸுக்குப் போவலாம்," என்றது.

"ஏன், அவங்களோட இருக்கலையா?"

"அவங்க பொம்பளையா இருக்கறதுக்கு உசுரையே குடுக்கறாங்க அண்ணி. பாக்கறதுக்கே எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சு. ஆனா அவங்க போய்ச் சேர்ற ஊரு வேற. எனக்கு அங்கயும் போவணும்னு இல்ல, இங்க பொறந்தோம்னு இங்கயே நிக்கணும்னும் இல்ல. நான் எங்கயும் போவல. இப்படியேதான் இருக்கறேன்."

அப்போது அவளுக்கு அது விளங்கவில்லை. இப்போதும்தான்.

சுப்புராயன் வந்துபோன மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் கச்சிராயபாளையம் சாலையில் ஊரே கூடிவிட்டது. ஹைவேஸ்காரர்கள் வெள்ளை அடித்து நம்பர் போட்ட பெரிய புளியமரம். நாலு பேர் கை கோத்தால்தான் அணைக்கலாம். அடிமரத்தில் ரம்பம் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒருவர் இழுக்க அந்தப் பக்கம் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ரம்பம் மாட்டிக்கொள்ளும். அவசரக்காரர்கள் நாலு பேர் மாட்டிவைத்து முழித்தார்கள். தங்கமணி போய் ஒரு பிடியை வாங்கியது. அதற்கப்புறம் ரம்பம் நிற்கவே இல்லை. எதிர்ப் பிடியில் மூன்று பேர் மாறினார்கள். இந்தப் பிடியில் ஆள் மாறவில்லை. பத்து மணிக்கு மரம் முறுகி, முனகி, ரோட்டுக்குக் குறுக்கே படாரென்று விழுந்தது. இலையும் பிஞ்சுமாகப் புழுதி எழும்பி அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

மரம் விழுந்ததும் தங்கமணி கையை உதறிக்கொண்டு சாலையோரத் தோப்புக்கு வந்தது. அங்கே அண்டாவில் புளிச்சோறு. நல்லெண்ணெயும் வறுத்த வேர்க்கடலையும் மணந்தது. கிளறுகிறவள் கை ஓய்ந்திருக்க, துடுப்பை வாங்கிக் கிளற ஆரம்பித்தது.

"பார்ரா, அந்தப் பக்கம் மரம், இந்தப் பக்கம் சோறு," என்றாள் பக்கத்து வீட்டுக் காசியம்மாள். வாய் சும்மா இருக்காது அவளுக்கு. "தங்கமணி, எந்தப் பந்தியில குந்தித் தின்னப்போற? ஆம்பளப் பந்தியா, பொம்பளப் பந்தியா?"

"எதுல மொதல்ல எல போடறாங்களோ அதுல."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. அவள் கண் சுப்புராயனின் இடுப்பில் செருகியிருந்த நோட்டிலேயே இருந்தது. பொழுது சாய்வதற்குள். எந்தப் பக்கம்.

மேற்கே கல்வராயன் மலை தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் ஒரே கருமேகம். மழைக் காற்று சில்லென்று வந்து சோற்று ஆவியைக் கலைத்தது.

பந்திக்கு இலை போடுவதற்குள், பகல் இரண்டு மணிக்கு, போலீஸ் வந்தது.

கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து இரண்டு வேன், ஒரு ஜீப். வெளி மாவட்டத்துப் போலீஸ். இறங்கிய வேகத்திலேயே லத்தி உருவின சத்தம் கேட்டது. கரும்புக்குள் ஓடலாம் என்று திரும்பினவர்களை அங்கேயும் பத்துப் பேர் நின்று தடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜீப்பின் மேல் ஏறி மைக்கைப் பிடித்தார். இரண்டு நாளாகத் தூங்காத கண்.

"யாரும் ஓட வேணாம். அடிக்க வரல. ஆம்பளைங்க எல்லாம் இடது பக்கம், வேனாண்ட போய் நில்லுங்க. அரெஸ்ட். பொம்பளைங்க எல்லாம் வலது பக்கம், டீக்கடையாண்ட வாங்க. வீட்டுக்குப் போகலாம். ரெண்டு நிமிஷம் டைம்."

தலையில் வகிடு எடுத்த மாதிரி கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சின்னப்பொண்ணு காசியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு சாதுல்லா பாய் டீக்கடைப் பக்கம் ஓடினாள். சுப்புராயன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வேன் பக்கம் நடந்தார். புழுதி அடங்கியது.

நடுவில் ரோடு காலியாக இருந்தது. காலியாக இல்லை.

விழுந்த புளியமரத்தின் மேல், சரியாக ரோட்டின் நடுவில், தங்கமணி உட்கார்ந்திருந்தது. கை இரண்டும் முட்டியின் மேல். துடுப்பில் ஒட்டிய சோற்றுப் பருக்கை இன்னும் முழங்கையில் இருந்தது.

"ஏய்! உனக்குத் தனியா சொல்லணுமா? எந்தப் பக்கம் நீ?"

"நீங்க ரெண்டு பக்கம் சொன்னீங்க சார். ரெண்டும் நான் இல்ல."

டீக்கடைப் பக்கம் ஒருத்தி களுக்கென்று சிரிக்கப் பார்த்து, சிரிப்பு பாதியில் நின்றது. இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கி வந்தார்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தங்கமணி சார்."

"பேரக் கேக்கல!"

"கேட்டதுக்கு என்னாண்ட வேற பதில் இல்ல சார். வேன்ல ஏறச் சொல்லுங்க, ஏறிக்கறேன். மறியல் பண்ணத்தான் வந்தேன். ஆனா ஆம்பளன்னு எழுதினா ஏற மாட்டேன். பொம்பளன்னு வூட்டுக்கு அனுப்பினா போவ மாட்டேன்."

வேன் பக்கமிருந்து சுப்புராயன் கத்தினார். "பொம்பளதான் சார்! விட்டுடுங்க! வூட்டுக்கு அனுப்புங்க சார், பாவம்!" காப்பாற்றத்தான் சொன்னார்.

தங்கமணி அந்தப் பக்கம் திரும்பி, இல்லை என்று தலையை ஆட்டியது.

ஒரு கான்ஸ்டபிள் லத்தியைக் கைலியின் விளிம்பில் வைத்தான். "அவுத்துப் பாத்தா தெரிஞ்சிடும் சார். இதுல என்ன பேச்சு?"

எப்படி வந்தாள் என்று சின்னப்பொண்ணுக்குத் தெரியாது. டீக்கடையிலிருந்து அந்த மரம் வரைக்கும் முப்பது அடி. காசியம்மாள் கையை எப்போது விட்டாள், போலீசுக்காரர்கள் நடுவே எப்படி நுழைந்தாள், எதுவும் ஞாபகம் இல்லை. லத்திக்கும் கைலிக்கும் நடுவில் நின்றிருந்தாள். தண்ணி முறை, கரும்பு, நோட்டு, எதுவும் தலையில் இல்லை.

"கைய எடுய்யா!"

"நீ யாரும்மா?"

"அண்ணி. இன்னா தெரியணும் உனக்கு? என்னக் கேளு, நான் சொல்றேன். ஆம்பள இல்ல. பொம்பளயும் இல்ல. பத்து வருசமா ஒரே வூட்டுல ஒரே சட்டியில தின்னுக்கினு இருக்கறேன், எனக்குத் தெரியாதது உனக்கு லத்தியில தெரியப்போவுதா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது, தான் என்ன சொன்னோம் என்று. பத்து வருஷமாக விளங்காதது வாய் வழியாக வந்து விழுந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். மரத்தின் மேல் தங்கமணியின் கால் கட்டைவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது. பயம் இல்லாமல் இல்லை. அவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் துளிகூட வளையவில்லை. இத்தனை நாள் தன் வீட்டில் மாட்டுக்குத் தழை நறுக்கிக்கொண்டிருந்தது யார் என்று முதல் முதலாகப் பார்த்தாள்.

ஏட்டு ஒருவர், நரைத்த மீசைக்காரர், இன்ஸ்பெக்டர் காதருகே போனார். மெல்லத்தான் பேசினார். அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"சார், பொம்பளன்னு ஆயிட்டா தொடறதுக்கு நம்மகிட்ட லேடி பி.சி. இல்ல. ஆம்பளன்னு வேன்ல ஏத்திக்கினு போயி, அங்க வேற மாதிரி ஆயிட்டா நம்ம கழுத்துக்கு வரும். லிஸ்ட்ல எந்தக் கட்டத்துல சார் எழுதறது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். தங்கமணியைப் பார்த்தார். கான்ஸ்டபிளைப் பார்த்து, "லத்திய எடுடா," என்றார். மலைப் பக்கமிருந்து முதல் தூறல் வந்து அவர் வழுக்கையில் விழுந்தது.

"என் சர்வீஸ்ல இந்த மாதிரி..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. "வேன் ரெண்டும் நிரம்பியாச்சா?"

"ஆச்சு சார்."

"வண்டிய எடு." தொப்பியைப் போட்டுக்கொண்டார். தங்கமணியிடம் வந்து, முதல் தடவையாகக் குரலை இறக்கினார். "நான் திரும்பி வரும்போது நீங்க இங்க இருக்கக் கூடாது."

"இருப்பேன் சார்," என்றார் தங்கமணி.

வேன்கள் வந்த வழியே திரும்பின. மரத்தை வெட்டி அப்புறப்படுத்தக்கூடிய கைகளெல்லாம் வேனுக்குள். கச்சிராயபாளையம் ரோடு அப்படியே மூடிக் கிடந்தது. வேன் கம்பிக்குள்ளிருந்து சுப்புராயனின் தலை வெளியே வந்தது. இடுப்பில் இருந்த நோட்டை எடுத்து ஆட்டினார்.

"தங்கமணி! எந்திரிச்சிடாத! அங்கயே குந்து! சின்னப்பொண்ணு, மொத மடை உங்க கொல்லைக்குத்தாம்மா! எந்திரிச்சிடாத!"

வேன் வளைவில் மறைகிற வரைக்கும் அந்தக் குரல் கேட்டது.

வீட்டுக்குப் போகலாம் என்று விட்ட பெண்கள் யாரும் போகவில்லை. பக்கத்திலும் வரவில்லை. சாமி வந்தவரைச் சுற்றி இடம் விட்டு நிற்கிற மாதிரி ரோட்டோரமாக நின்றார்கள். காசியம்மாள்தான் முதலில் அசைந்தாள். சோற்று அண்டா மூடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் தங்கமணியின் தலைக்கு மேல் மழைக்குப் பிடித்தாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

சாதுல்லா பாய் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். ஒன்றை மரத்தின் மேல் வைத்துவிட்டு, மற்றதைச் சின்னப்பொண்ணிடம் நீட்டினார்.

"குடி தங்கச்சி. சக்கரை ஜாஸ்தி போட்டிருக்கறேன்." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சின்ன வயசுல பள்ளிவாசல்ல எங்க ஹஜ்ரத்து ஒரு பாடம் சொல்லுவாரு. தொழுகைக்கு மொதல்ல ஆம்பளைங்க வரிசை. கடேசில பொம்பளைங்க வரிசை. ரெண்டுலயும் சேக்க முடியாதவங்க வந்தா, நடுவுல அவங்களுக்குன்னு ஒரு வரிசை உண்டுன்னு. நாங்க பசங்கல்லாம் கேட்டோம், அப்படி யாரு ஹஜ்ரத்து வருவாங்கன்னு. நீங்க பாத்ததில்லைன்னா இல்லைன்னு ஆயிடுமா, அல்லாவுக்குத் தெரியும்னு சொன்னாரு." மரத்தைப் பார்த்தார். "அம்பத்தெட்டு வயசாவுது எனக்கு. இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மழை வலுத்தது. தார் ரோட்டில் தண்ணீர் இரண்டு ஓரமும் பிரிந்து ஓடியது. நடு ரோட்டில், மரத்தின் மேல், தங்கமணி டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

சின்னப்பொண்ணு வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. செல்லமுத்து எழுந்து உட்கார முடியாமல் கழுத்தை மட்டும் திருப்பினான்.

"இன்னாடி ஆச்சு? எல்லாரையும் புடிச்சிக்கினு போய்ட்டாங்களாமே?"

"ஆமா. ரெண்டு வேன்ல."

"அப்ப ரோட்டத் தொறந்துட்டாங்களா?"

"இல்ல."

"ஆம்பள ஒருத்தன் இல்லாம எவன் மறிச்சிக்கினு நிக்கறான்?"

அவள் தூக்குச் சட்டியைக் கழுவினாள். காலையில் ஆக்கிய சோற்றைப் போட்டு, மேலே நாலு கரண்டி குழம்பு ஊற்றினாள். கொஞ்சம் யோசித்து, கொடியில் காய்ந்த கைலி ஒன்றையும் எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள்.

"அவங்க இருக்காங்க," என்றாள்.

"யாரு அவங்க? எத்தினி பேரு?"

"ஒருத்தங்கதான். மழையில நனைஞ்சிக்கினு நடு ரோட்டுல குந்தியிருக்காங்க. அண்டாச் சோறும் மழையில போச்சு. காத்தாலேர்ந்து ஒண்ணும் சாப்புடல அவங்க."

"எந்த ஊர்க்காரங்க?"

"உன் கூடப் பொறந்தவங்க," என்று சொல்லிவிட்டு, சட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு, மழைக்குள் இறங்கி வேகமாக நடந்தாள்.